பெங்களூரில் ஆயிரம் லிட்டரின் விலை

மின் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்லும் நாம், தண்ணீர்க் கட்டணம் என்றதும் தயங்குகிறோம். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு இறைத்துக் கொணரப்படும் காவிரி நீர் அத்தனை மலிவாகக் கிடைத்து வந்தது.

பெங்களூர்க் குடிநீர் வாரியம் 2014-இல் வகுத்த விகிதம் 2025 ஏப்ரல் வரை மாறவில்லை. மாதத்தில் முதல் 8,000 லிட்டருக்கு, ஆயிரம் லிட்டர் 7 ரூபாய். 25,000 வரை 11. 50,000 வரை 26. அதற்கு மேல் 45. கணக்கிட்டுப் பார்ப்போம். 20,000 லிட்டர் செலவிட்ட வீட்டுக்கு நீரின் விலை 188 ரூபாய். 60,000 லிட்டருக்கு 1,343 ரூபாய். நீர் மும்மடங்கு, தொகையோ ஏழு மடங்குக்கு மேல். படிநிலைக் கட்டணத்தின் நோக்கம் அதுவே: குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய நீரை எளியோர்க்கும் எட்டவைத்து, மிகைப் பயன்பாட்டை மட்டும் உறுத்துவது.

ஆனால் அடுக்குமாடிகள் பலவற்றில் அவ்வுறுத்தல் வீட்டை எட்டுவதில்லை. வளாகம் முழுமைக்கும் ஒரே மீட்டர். தொகை சதுர அடிக் கணக்கில் பராமரிப்புச் செலவோடு கரைந்துவிடுகிறது. சிக்கனமாக இருப்பவரும் குழாயைத் திறந்துவிட்டு மறப்பவரும் ஒன்றே செலுத்துகின்றனர். வீட்டுக்கு வீடு மீட்டர் பொருத்தாமல் விகிதத்தை மட்டும் உயர்த்துவதால் பெரும்பயன் விளையாது என்பதே எம் கருத்து.

2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது, குடிநீரால் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என வாரியம் அறிவித்தது. அதே மாதம் மாவட்ட நிர்வாகம் டேங்கர் நீருக்கு உச்சவிலை வகுத்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். காவிரிக் குழாய் எட்டாத புறநகர்க் குடும்பத்துக்கு அவ்விலைப்படி ஆயிரம் லிட்டர் 100 ரூபாய். குழாய் உள்ள வீட்டுக்கு அப்போதும் முதல் படியில் 7 ரூபாய்தான்.