அட்டை காட்டினால் குழந்தை படிக்குமா?

இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலை வட்டம் ஏலக்காய்க்குப் பேர்போனது. வண்டன்மேடு, நெடுங்கண்டம், சாந்தன்பாறை, பூப்பாறை என்று நீளும் ஏலத்தோட்டங்களில் நெடுங்காலமாகக் காய் எடுத்து வருபவர்கள் தமிழ்ப் பெண்கள். தோட்டத்திலேயே குடியிருப்பவர்களும் உண்டு. தேனி மாவட்டத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்கு வந்து, மாலையில் இறங்கிப் போகிறவர்களும் உண்டு. இங்கே வளரும் தமிழ்க் குழந்தைக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பெற்றோரின் கனவில் ஆங்கிலம். மூன்றுக்கும் நடுவில் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று பெற்றோர் பயப்படுவது இயல்பு. அந்தப் பயத்துக்கு மருந்தாகச் சந்தையில் கிடைப்பது ஃபிளாஷ் கார்டு. ஒரு பக்கம் படம், மறுபக்கம் கொட்டை எழுத்தில் ஒரு சொல்; கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே காட்டி வந்தால் பள்ளிக்குப் போகுமுன்னே பிள்ளை படிக்கும் என்கிறார்கள். இந்த வாக்குறுதியை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. நாள் முழுக்கத் தோட்டத்தில் நின்றுவிட்டு வரும் தாய்க்குப் பிள்ளையோடு கிடைக்கும் கொஞ்ச நேரத்தை அட்டைப் பயிற்சி தின்றுவிடவும் கூடும்.

இந்த முறையைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மூளைப் பாதிப்புள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி அளித்துவந்த க்ளென் டோமன். குழந்தைக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றி 1964-ல் அவர் எழுதிய புத்தகம் உலகெங்கும் பரவியது. பெரிய சிவப்பு எழுத்தில் எழுதிய சொற்களை வேகமாக, ஒரு நாளில் பலமுறை காட்ட வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. பிறகு ராபர்ட் டிட்சர் என்பவர் வீடியோ, அட்டை, சிறு புத்தகங்கள் அடங்கிய ஒரு தொகுப்பை விற்றார். சுமார் 200 டாலர் விலையுள்ள அந்தத் தொகுப்பு 2008-க்கும் 2012-க்கும் இடையில் 18 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆதாரமில்லாத விளம்பரம் என்று 2012-ல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் அந்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. சூசன் நியூமனும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய தொகுப்பை நேரடியாகவே சோதித்தது. 9 முதல் 18 மாதம் வரையுள்ள 117 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஏழு மாதம் தினமும் வீடியோவும் அட்டையும் கொடுத்தார்கள். அந்தப் பிரிவுக் குழந்தைகள் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் தம் பிள்ளை கற்றுக்கொண்டதாகப் பெற்றோர் சிலர் உறுதியாக நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையைக் கேலி செய்வதற்கில்லை. பெற்றோர் கண்ணெதிரே ஏதோ நடக்கத்தான் செய்கிறது. அட்டையைப் பார்த்ததும் குழந்தை 'பால்' என்கிறது. அது எழுத்தைப் படிக்கவில்லை. அந்தச் சொல்லின் மொத்த உருவத்தை, ஒரு முகத்தை அடையாளம் கண்டுகொள்வதுபோல, நினைவில் வைத்திருக்கிறது. 'கால்' என்று புதிதாக எழுதிக் காட்டினால் விழிக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் ஒலி உண்டு, அவற்றைச் சேர்த்தால் இதுவரை பார்க்காத சொல்லும் வாய்க்கு வரும் என்று பிடிபடும்போதுதான் வாசிப்பு பிறக்கிறது. அதற்குச் சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்கும் காது வேண்டும். ஒரு நொடி காட்டி மறைக்கும் அட்டை அந்தக் காதைத் தீட்டுவதில்லை.

'போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள்கூட அட்டை வைத்துத்தானே மனப்பாடம் செய்கிறார்கள், குழந்தைக்கு மட்டும் ஏன் ஆகாது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரியவர்களுக்கு அட்டை பலன் தருவது உண்மை. அதற்குக் காரணம், விடையைப் பார்க்குமுன் அவர்கள் மூளையைக் கசக்கி நினைவுபடுத்திப் பார்ப்பது. திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிடப் படித்ததை நினைவிலிருந்து மீட்டு எழுதியவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவிருந்ததை 2006-ல் ரோடிகர், கார்பிக் இருவரும் சோதனையில் காட்டினார்கள். டோமனோ குழந்தையைச் சோதிக்கவே கூடாது என்றார். ஆக, அட்டைக்குப் பலன் தரும் அம்சத்தை எடுத்துவிட்டுத்தான் அதைத் தொட்டிலுக்குக் கொண்டுபோகிறோம். மிஞ்சுவது வெறும் வேடிக்கை பார்த்தல்.

அந்த வயதில் குழந்தைக்கு மொழியைக் கொடுப்பது எதிரே இருக்கும் மனிதர். பட்ரிஷியா கூல் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு 12 அமர்வுகளில் சீன மொழி பேசுபவர்கள் நேரில் விளையாடினார்கள். அம்மொழியின் நுட்பமான ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிரித்தறிந்தன. அதே ஆட்கள் அதே விஷயத்தைத் திரையில் பேசியபோது ஒன்றும் ஏறவில்லை. ஜூடி டிலோச்சி குழுவினரின் 2010 ஆய்விலும் வீடியோ பார்த்த குழந்தைகளைவிட, எந்தக் கருவியும் இல்லாமல் அன்றாடப் புழக்கத்தில் பெற்றோர் சொல்லிக்கொடுத்த குழந்தைகளே அதிகச் சொற்களைக் கற்றன. குழந்தை பார்க்கும் பொருளைத் தாயும் பார்க்கிறாள், அது குழறுவதற்குப் பதில் சொல்கிறாள், அதன் சொல்லை நீட்டித் திருப்பித் தருகிறாள். இந்தக் கொடுக்கல் வாங்கல் அட்டையிடம் கிடைக்காது.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தாமதமாகத் தொடங்கினாலும் தேறிவிடும். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு முன்கூட்டியே தொடங்குவதுதானே ஒரே வழி? அதுவும் தமிழில் 247 எழுத்து இருக்கும்போது? முதல் பாதிக்கு, நியூசிலாந்தில் செபாஸ்டியன் சகட் செய்து 2013-ல் வெளியான ஆய்வு ஓரளவு பதில் தருகிறது. ஐந்து வயதில் படிக்கத் தொடங்கியவர்களும் ஏழு வயதில் தொடங்கியவர்களும் பதினோரு வயது வாக்கில் வாசிப்பில் சமமாகிவிட்டார்கள். அது வேறு நாடு, வேறு சூழல் என்பது உண்மைதான். ஆனால் கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்காவிட்டால் காலம் கடந்துவிடும் என்ற பயம் எவ்வளவு மிகையானது என்பதற்கு அது போதும். இரண்டாவது பாதிக்கு நம் எழுத்துமுறையே பதில். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மற்ற 216-ம் அவற்றின் கூட்டு. அவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கூட்டும் முறையைப் பிடித்தால் போதும். கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், இத்தகைய எழுத்துமுறையை முழுதாகக் கற்கத் தொடக்கப்பள்ளியின் பல ஆண்டுகள் ஆவதைக் காட்டுகின்றன. அதுதான் இயல்பான வேகம். அட்டை வாங்கிக் குறுக்குவழியில் கடக்க முடியாது.

உடும்பஞ்சோலைக் குழந்தைக்கு இது இன்னும் பொருந்தும். கடையில் கிடைக்கும் அட்டைகள் பெரும்பாலும் ஆங்கிலம். வீட்டில் யாரும் பேசாத மொழியில் ஐம்பது பொருளின் பெயரைக் குழந்தை ஒப்பிக்கலாம். அந்தப் பெயர்களைக் கோத்துப் பேச அதற்கு ஒரு வாக்கியமும் வராது. அம்மாவும் பாட்டியும் கதையும் விடுகதையும் சண்டையும் சமாதானமுமாகப் பேசும் தமிழ் அதற்கு முழு மொழி. தமிழில் ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழகிய பிள்ளைக்கு மலையாள எழுத்து அந்நியமாக இருக்காது. உயிர், மெய், உயிர்மெய் என்று அதுவும் ஏறக்குறைய இதே ஒழுங்கில்தான் அமைந்திருக்கிறது. தாய்மொழியில் தொடங்கச் சொல்லும் 2020 தேசியக் கல்விக் கொள்கையின் பரிந்துரைக்கு இந்த மலையில் கூடுதல் பொருள் உண்டு. தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளையோடு தமிழில் பேசிப் பழக்கும் இந்த வேலை நடக்கும் என்பதுதான் இதில் பெரிய ஆறுதல்.

ஆனால் பகல் முழுவதும் தாய் தோட்டத்தில் இருக்கிறாள். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. 1975 முதல் அங்கன்வாடிகள் வந்தன. அந்த இடங்களில் பாலும் உணவும் தூக்கமும் கிடைப்பதோடு, பிள்ளையின் மொழியில் அதோடு பேசவும் பாடவும் ஓர் ஆள் இருக்கிறாரா என்று பெற்றோர் கேட்க வேண்டும். தொழிற்சங்கமும் ஊராட்சியும் கேட்க வேண்டும். அட்டைகளுக்கும் காலம் வரும். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டே படித்தார்கள். பேச்சு கைவந்து, எழுத்தைக் கூட்டத் தொடங்கிய வயதில் அவை நல்ல கருவி. வீட்டில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். படப் பக்கத்தைக் காட்டி, 'இந்த மாடு எங்கே போகுது?' என்று கேட்டுவிட்டு, குழந்தை பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள். வாங்காதவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். பிள்ளைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.