குடிமக்கள் மதிப்பீடும் புள்ளியியல் சோதனையும்

பொதுச் சேவைகளைப் பயன்படுத்தும் மக்களே அவற்றை மதிப்பிடும் முறைக்கு நம் நாட்டில் முன்னோடியாக விளங்கியது பெங்களூரு நகரம். பொருளியல் அறிஞர் சாமுவேல் பால் முன்னின்று நடத்திய ஆய்வின் பயனாக, முதல் ‘குடிமக்கள் மதிப்பீட்டு அட்டை’ 1994-இல் வெளியாயிற்று. அவர் நிறுவிய பொது விவகார மையம் 1999-இலும் 2003-இலும் இந்த ஆய்வை மீண்டும் நடத்தியது.

முதல் அட்டையில், மின்வாரியத்தின் சேவையில் நிறைவு கண்டோர் 6 விழுக்காட்டினர். குடிநீர் வாரியத்தின் சேவையில் நிறைவு கண்டோர் 4 விழுக்காட்டினர். இரண்டும் மிகக் குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால், மின்வாரியமே மேலானது என்று இதைக்கொண்டு முடிவு கட்டலாமா? மாதிரிக்குத் தெரிந்தெடுக்கும் குடும்பங்கள் மாறினால் விழுக்காடும் சற்று மாறும். தற்செயலான இம்மாற்றத்தை உண்மையான வேறுபாட்டினின்று பிரித்தறியவே புள்ளியியல் சோதனைகள் உதவுகின்றன.

கார்ல் பியர்சன் 1900-இல் வகுத்த கை வர்க்கச் சோதனை பலரும் அறிந்ததாகும். தனித்தனியே தெரிந்தெடுத்த இரு குழுவினரின் விடைகளை ஒப்பிட அது ஏற்றது. ஒரே குடும்பம் இரு வினாக்களுக்கும் விடை கூறும்போது அவ்விடைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அங்கு 1947-இல் மக்னமார் வகுத்த சோதனையே பொருந்தும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: 200 குடும்பங்களில் 90 குடும்பங்கள் இரு சேவைகளிலும் நிறைவு கொண்டுள்ளன, 75 குடும்பங்கள் இரண்டிலும் குறை காண்கின்றன. குடிநீரில் மட்டும் நிறைவு 25. மின்சாரத்தில் மட்டும் நிறைவு 10. ஆக, குடிநீருக்கு 115, மின்சாரத்துக்கு 100. இவற்றைத் தனித்தனிக் குழுக்களாகக் கொண்டால் கை வர்க்க மதிப்பு 2.26 மட்டுமே. இது 5 விழுக்காட்டு மட்டத்துக்குரிய 3.84-ஐ எட்டவில்லை, எனவே வேறுபாடு நிறுவப்படவில்லை. மக்னமார் முறையோ, கருத்து மாறுபட்ட 35 குடும்பங்களை மட்டுமே கணக்கிற் கொள்கிறது. 25-க்கும் 10-க்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கத்தை 35-ஆல் வகுக்க 6.43 கிடைக்கிறது. வேறுபாடு உறுதியாகிறது. புள்ளிவிவரம் ஒன்றே, முறை மாறியதும் முடிவும் மாறிற்று.

இரண்டுக்கு மேற்பட்ட சேவைகளை ஒருங்கே ஒப்பிட 1950-இல் காக்ரன் வகுத்த சோதனை உண்டு. எட்டுச் சேவைகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் 28 இணைகள் அமையும். உண்மையில் வேறுபாடே இல்லாவிடினும், அவற்றுள் ஒன்றிரண்டு தற்செயலாகவே வேறுபட்டவைபோல் தோன்றக்கூடும். அதற்கேற்ப அளவுகோலைக் கடுமையாக்குதல் வேண்டும்.

தரவரிசையில் கீழே நிற்கும் துறை பழிக்கு ஆளாகிறது. மேலே நிற்கும் துறை பாராட்டுப் பெறுகிறது. மக்கள் மனமுவந்து அளித்த விடைகளைக்கொண்டு இத்தகைய தீர்ப்பு வழங்குமுன், வேறுபாடு மெய்யானதா எனச் சோதித்தறிவது ஆய்வாளரின் கடமையாகும்.