சிகிச்சை கைகூடாதபோது

பிள்ளைப் பாக்கியம் தாமதமான சகோதரிகள் மௌலவிமாரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "ஆகுமா, ஆகாதா?" என்றே தொடங்கும். சோதனைக்குழாய் முறையில் குழந்தை பெறுவது மார்க்கத்தில் ஆகுமா என்பார்கள். பதிலைக் கேட்டுக்கொண்ட பின்பு சற்றுத் தயங்கி, மனதில் உள்ளதைச் சொல்வார்கள். "ஹஸ்ரத், மூன்று தரம் செய்துவிட்டோம். மூன்றும் நிற்கவில்லை. அல்லாஹ் என்னில் கோபமாக இருக்கிறானா?"

முதற் கேள்விக்கான விடை நெடுநாளைக்கு முன்பே தெளிவாகிவிட்டது. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1986ஆம் ஆண்டு அம்மான் நகரில் கூடியபோது, நடைமுறையிலுள்ள ஏழு வகைகளை ஆராய்ந்து, ஐந்தை ஹராம் என்றும் இரண்டை ஆகும் என்றும் தீர்மானித்தது. திருமண பந்தத்திலுள்ள கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் சேர்ந்து, அதே மனைவியின் கருப்பையில் வைக்கப்படுவதே ஆகுமான வழி. மூன்றாம் ஆளின் விந்தோ முட்டையோ கருப்பையோ நடுவில் வரக்கூடாது.

இரண்டாவது கேள்வியைத்தான் பல வீடுகளில் எவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஸூரதுஷ் ஷூராவின் 49, 50ஆம் வசனங்களில் அல்லாஹு தஆலா, சிலருக்குப் பெண் மக்களையும் சிலருக்கு ஆண் மக்களையும் சிலருக்கு இரு பாலாரையும் கொடுப்பதையும், சிலரைப் பிள்ளையற்றவராக ஆக்குவதையும் ஒரே தொடராகக் கூறுகிறான். முடிவில் தனது அறிவையும் ஆற்றலையுமே குறிப்பிடுகிறான். கோபம் பற்றியோ தண்டனை பற்றியோ அங்கு ஒரு சொல்கூட இல்லை. நபி (ஸல்) அவர்களின் வீட்டையே பாருங்கள். கதீஜா (ரழி), மாரியா (ரழி) ஆகியோர் தவிர அன்னாரின் குடும்பத்தில் வேறெவரும் அன்னாருக்குப் பிள்ளை பெறவில்லை. "நீ என்ன பாவம் செய்தாயோ" என்று மருமகளிடம் கேட்கும் மாமி, அந்த உம்மஹாதுல் முஃமினீன்களைப் பற்றி என்ன சொல்லப் போகிறார்?

"அப்படியானால் ஏன் நிற்கவில்லை?" என்பது வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்வி. அதைக் கேட்பது தவக்குலுக்கு மாற்றமானதல்ல. இம்முறையில் உலகின் முதற் குழந்தை 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தின் ஓல்தம் நகரில் பிறந்தது. அதுவும் பல பெண்களில் பல வருடங்கள் செய்த முயற்சிகள் பலிக்காமல் போன பின்னர்தான். இன்றுகூட, ஐக்கிய இராச்சியக் கணக்குகளின்படி, 35 வயதுக்குட்பட்ட பெண்ணின் கருப்பையில் ஒரு கருவை வைத்தால் அது பிள்ளையாகப் பிறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இதை வைத்துச் சாதாரண கணக்கொன்று போடுவோம். ஒவ்வொரு தரமும் மூன்றில் இரண்டு பங்கு கைகூடாது என்றால், மூன்று தரமும் கைகூடாமல் போவோர் பத்துப் பேரில் மூவரளவில் இருப்பர். அவர்களில் எந்தக் குறையும் இல்லாதவர்களும் இருக்கலாம். வயது நாற்பதைக் கடந்தால் வாய்ப்பு இன்னும் வேகமாகக் குறைகிறது. முட்டைக்கு வயதாக ஆக, உருவாகும் கருக்களில் குரோமோசோம் எண்ணிக்கை பிழையானவை கூடுவதே அதற்கான பிரதான காரணம். அத்தகைய கருக்களில் அநேகமானவை தங்குவதில்லை. மாடிப்படி ஏறியதாலோ சுஜூதில் குனிந்ததாலோ கரு விழுந்துவிடுவதில்லை. கரு வைத்த பின் நாட்கணக்கில் படுக்கையில் கிடப்பதாலும் பயனில்லை.

ஆயினும், தேடிப் பார்த்துத் திருத்தக்கூடிய காரணங்களும் உள்ளன. பலோப்பியன் குழாய் அடைபட்டு நீர் கட்டியிருந்தால், அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து கரு தங்குவதைக் கெடுக்கும். கருப்பையினுள் கட்டியோ சதை வளர்ச்சியோ இருக்கலாம். தைரொயிட் குறைபாடு, இரத்தம் உறைய வைக்கும் சிலவகை எதிர்ப்பொருள்கள் என்பனவும் உண்டு. அடுத்த முறைக்குப் பணம் கட்ட முன்னர், இவை பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். கேட்கும்போது கணவரும் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப்பேரில் ஆண் பக்கக் குறையும் சேர்ந்தே இருக்கிறது. மனைவியைப் பத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, தான் ஒன்றுக்கும் போக வெட்கப்படும் கணவர்மார் நம்மிடையே உள்ளனர். அந்த வெட்கத்துக்கும் ஹயாவுக்கும் சம்பந்தமில்லை.

மேலதிகச் செலவு வைக்கும் சில சேர்மானங்களில் கவனம் தேவை. கருப்பையின் உட்சுவரைச் சுரண்டிவிட்டால் கரு ஒட்டும் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. 1,300க்கு மேற்பட்ட பெண்களில் செய்யப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில் அதனால் பிறப்பு கூடவில்லை. நரம்பு வழியாகக் கொழுப்புக் கரைசல் ஏற்றுவதையும் ஐரோப்பியக் கருத்தரிப்பு வைத்தியர்களின் சங்கம் 2023இல் சிபாரிசு செய்யவில்லை. இவை இப்படியென்றால், இசும் எழுதித் தருபவருக்கும் தண்ணீர் ஓதித் தந்து ஆயிரக்கணக்கில் வாங்குபவருக்கும் கொடுக்கும் காசைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

மீண்டும் மீண்டும் கைகூடாத நேரத்தில்தான் ஹராமான வழி இலகுவாகத் தோன்றும். "வேறொருவரின் முட்டையை எடுப்போமா? யாருக்கும் தெரியவராது" என்ற பேச்சு வரும். நஸப் என்பது பிறருக்குத் தெரிவதையும் தெரியாததையும் பொறுத்த விடயமல்ல. ஒரு மனைவியின் முட்டையில் உருவான கருவை அதே கணவனின் மற்ற மனைவி சுமப்பதை 1984இல் மக்காவிலுள்ள பிக்ஹ் சபை அனுமதித்தது. மறுவருடமே அவ்வனுமதியை வாபஸ் பெற்றது. தாய் யார் என்ற சிக்கல் அவ்வளவு பாரதூரமானது. உறைய வைத்த கருக்கள் மிஞ்சியிருப்போரும் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். தலாக்கினாலோ மௌத்தினாலோ திருமணம் முடிந்த பின் அவற்றைக் கருப்பையில் வைப்பதை உலமாக்கள் அனுமதிப்பதில்லை. வைத்தியசாலைப் படிவத்தில் ஒப்பமிடும்போது அந்தப் பகுதியை வாசித்துவிட்டு ஒப்பமிடுங்கள்.

ரமழானில் சிகிச்சை வந்தால், பெண்ணுறுப்பில் வைக்கும் மாத்திரை நோன்பை முறிக்கும் என்பதே ஷாபிஈ மத்ஹபின் நிலை. முறிக்காது என்று 1997இல் பிக்ஹ் அகடமி தீர்மானித்தது. முடியுமானால் வைத்தியரிடம் கேட்டு இரவு வேளைக்கு மாற்றிக்கொள்வது பேணுதலானது.

இனி, நிறுத்துவது பற்றி. எமது மத்ஹபில் மருந்து செய்வது ஸுன்னத், பர்ளு அல்ல. ஆகவே நான்காம் தரம் செய்யாமல் விடும் பெண் எந்தக் கடமையையும் விட்டவளாகமாட்டாள். வட்டிக்கு நகையை அடகு வைத்தோ வீட்டு உறுதியைக் கொடுத்தோ இன்னொரு முறை செய்யத் தேவையில்லை. "போதும், உடம்பும் மனமும் தாங்கவில்லை" என்று அவள் சொன்னால், அது ஈமான் குறைந்ததன் அடையாளமல்ல. ஸகரிய்யா (அலை) அவர்கள் தலை நரைத்து எலும்பு தளர்ந்த பின்னரும் இரகசியமாக துஆக் கேட்டார்கள். துஆவுக்கு ஊசியும் வேண்டாம், பணமும் வேண்டாம். சிகிச்சையை நிறுத்தினாலும் அதை நிறுத்தவேண்டியதில்லை.

ஆஇஷா (ரழி) அவர்களுக்கு உம்மு அப்தில்லாஹ் என்ற பெயர் தமது சகோதரியின் மகனைக் கொண்டே வந்தது. சகோதரரின் மகன் காஸிமைத் தமது பராமரிப்பில் வளர்த்தார்கள். அவர் பின்னர் மதீனாவின் ஏழு பெரும் பிக்ஹ் அறிஞர்களில் ஒருவரானார். நமது ஊர்களிலும் தாத்தாவின் பிள்ளையையோ தங்கையின் பிள்ளையையோ எடுத்து வளர்ப்பது புதிதல்ல. அப்படி வளர்ப்போர், பிறப்பத்தாட்சியில் பெற்ற தகப்பனின் பெயரை மாற்றாதீர்கள். எடுத்து வளர்ப்பது பெண் பிள்ளையாயின், இரண்டு வயது நிறையுமுன் கணவரின் சகோதரி ஐந்து தடவை நிறைவாகப் பாலூட்டினால் கணவர் அப்பிள்ளைக்குப் பால்குடி மாமாவாகி, மஹ்ரமாகிவிடுவார்.