கிம் என்ற பெயர் ஒரு கோடிப் பேரை எட்டியது எப்படி?

தென்கொரியாவில் 2015இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் குடும்பப் பெயர் ‘கிம்’. நாட்டு மக்களில் இது 21.5 சதவீதம். அடுத்து வரும் ‘லீ’ 14.7 சதவீதம், ‘பார்க்’ 8.4 சதவீதம். இந்த மூன்று பெயர்களுக்குள் ஏறத்தாழப் பாதி நாடு அடங்கிவிடுகிறது. ஏன் இத்தனை கிம்கள் என்று கேட்டால், பண்டைக் காலத்தில் அந்தப் பெயரில் பெரிய அரச குலங்கள் இருந்தன, அவற்றின் வாரிசுகள் பெருகிவிட்டார்கள் என்பதே வழக்கமாகக் கிடைக்கும் பதில். கல்வெட்டுகளும் வரிப் பதிவேடுகளும் வேறு விதமாகச் சொல்கின்றன. இன்றைய கிம்களில் பெரும் பகுதியினரின் முன்னோர்களுக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்புவரை குடும்பப் பெயரே கிடையாது. பெயர் வைத்துக்கொள்ளும் உரிமை மறுக்கப்பட்டவர்கள், அந்தக் கட்டுப்பாடு தளர்ந்த காலத்தில், மதிப்புமிக்க பெயர்களைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஆகவே கிம் என்ற பெயரின் பரவலை அரச குருதியின் பெருக்கமாகப் பார்ப்பதைவிட, ஒரு பிறப்புவழிச் சமூக அடுக்கு உடைந்த வரலாறாகப் பார்ப்பதே சரி.

முதலில் மரபுக் கதைகள். கிம்கள் எல்லோரும் ஒரே குலம் அல்ல. ஒவ்வொரு கிம்முக்கும் ‘போன்குவான்’ எனப்படும் மூல ஊர் ஒன்று உண்டு. அப்படி இருநூறுக்கும் மேற்பட்ட மூல ஊர்கள் இருக்கின்றன. பெரியவை இரண்டு. கிம்ஹே ஊரின் கிம்கள் 44 லட்சத்துக்கும் மேல். இவர்களுடைய ஆதி முன்னோர், கி.பி. 42இல் வானிலிருந்து இறங்கிய ஆறு பொன் முட்டைகளில் ஒன்றிலிருந்து பிறந்து, தெற்குக் கரையோரக் காயா நாட்டை ஆண்டதாகச் சொல்லப்படும் கிம் சூரோ. இரண்டாவது பெரிய குலம் கியோங்ஜு கிம்கள். சில்லா நாட்டுத் தலைநகரான அந்த ஊரின் காட்டில், சேவல் கூவிய இடத்தில், மரத்தில் தொங்கிய பொற்பெட்டிக்குள் கி.பி. 65இல் கண்டெடுக்கப்பட்ட குழந்தையான கிம் அல்ஜியின் வழி வந்தவர்களாகத் தங்களைக் கருதுகிறார்கள். கிம் அல்ஜியின் கதையைச் சொல்லும் ‘சம்குக் சாகி’ என்ற வரலாற்று நூல் முடிக்கப்பட்டது 1145இல். அதைத் தொகுத்த கிம் புசிக்கே ஒரு கியோங்ஜு கிம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்துக் கற்களைப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. 503, 524 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த சில்லா கல்வெட்டுகளிலும், அரசர் ஜின்ஹங் 560களில் நாட்டு எல்லைகளில் நாட்டிய கற்களிலும், அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் பிரிவைச் சேர்ந்தவர், என்ன பெயர், என்ன பதவி என்பவை மட்டுமே அங்கே உண்டு. குடும்பப் பெயர் இல்லை. அதே ஜின்ஹங் அரசரைத்தான் 565இல் சீன அரசவைப் பதிவு ஒன்று முதன்முதலில் ‘கிம்’ என்று குறிக்கிறது. உள்நாட்டில் தேவைப்படாத குடும்பப் பெயர், சீனப் பேரரசோடு தூது உறவு வைத்துக்கொள்ளும்போது தேவைப்பட்டிருக்கிறது. அது கிடைத்த பிறகும் முன்னோர் யார் என்பதில் ஒரே கருத்து இருக்கவில்லை. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்ட சில்லா அரசர் முன்முவின் கல், சீனாவின் ஹான் பேரரசில் பிரபுவாக உயர்ந்த, ஷியோங்னு என்ற நாடோடி இனத்து இளவரசன் ஒருவனை அரச குலத்தின் முன்னோராகச் சுட்டுவதாக ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். பொற்பெட்டிக்கும் அந்த நாடோடி இளவரசனுக்கும் ஒட்டே இல்லை.

935இல் சில்லாவின் கடைசி அரசர் கோரியோ அரசிடம் அடிபணிந்தார். கோரியோவை நிறுவிய வாங் கொன், தன் பக்கம் சேர்ந்த ஊர்த் தலைவர்களுக்குக் குடும்பப் பெயரையும் மூல ஊரையும் வழங்கி அவர்களைத் தன் ஆட்சிக்குள் கட்டிப்போட்டார். 958இல் அரசுப் பணிக்கான தேர்வு வந்தது. 1055இல், குலப் பதிவு இல்லாதவர் அந்தத் தேர்வை எழுத முடியாது என்று விதி செய்தார்கள். இதற்குப் பிறகு குடும்பப் பெயர் என்பது அழைப்பதற்கான பெயராக மட்டும் இருக்கவில்லை, அதிகாரத்துக்குள் நுழையும் சீட்டாக ஆகிவிட்டது. 1392இல் வந்த ஜோசோன் அரசில் இந்தக் கோடு இன்னும் ஆழமானது. மேலே யாங்பான் எனப்பட்ட மேட்டுக்குடியினர், நடுவே உழவர்களும் கைவினைஞர்களும், அடியில் ‘நோபி’ எனப்பட்ட அடிமைகள். நோபிகள் விற்கவும் வாங்கவும் பட்டார்கள். தாய் நோபி என்றால் பிள்ளையும் நோபி. சில காலங்களில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு வரை இவர்கள் இருந்திருக்கலாம் என்று வரலாற்றாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பதிவேடுகளில் இவர்களுக்கு ஒற்றைப் பெயர்தான். யாருடைய உடைமை என்பது கவனமாக எழுதப்பட்டது. எந்தக் குலம் என்று எழுத அங்கே எதுவும் இல்லை.

இந்த ஏற்பாட்டை முதலில் அசைத்தது 1592இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பு. ஏழாண்டுப் போரில் நாடு நாசமாயிற்று, கருவூலம் காலியாயிற்று. தானியமும் பணமும் கொடுத்தவர்களுக்கு அரசு பதவிகளை விற்றது. பெயர் எழுதும் இடத்தை வெற்றாக விட்ட பதவிப் பத்திரங்கள் மாவட்டம் மாவட்டமாகப் போயின. விலை கொடுத்தவர் தன் பெயரை அதில் எழுதிக்கொண்டார். யாங்பான் என்று பதிவாகிவிட்டால் படைவரியாகக் கட்ட வேண்டிய துணி மிச்சம். ஒரு ஏழைக் குடும்பத்துக்கு அது பட்டினிக்கும் பிழைப்புக்கும் இடையிலான வித்தியாசம். இன்னொரு பக்கம், நொடித்துப்போன மேட்டுக்குடி வீடுகள் தங்கள் வம்சாவளி நூலான ‘ஜொக்போ’வில் இடத்தை விற்றன. வாரிசில்லாமல் அறுந்துபோன ஒரு கிளையில் பணம் கொடுத்தவரின் பாட்டன் பெயரைச் செருகிவிட்டால் போதும், அவர் அந்தக் குலத்தவர் ஆகிவிடுவார். போலி ஜொக்போ அச்சிட்டவர்களும் இருந்தார்கள். வாங்கியவர்கள் எந்தப் பெயரைத் தேர்ந்திருப்பார்கள் என்பதை யோசித்துப் பார்க்கலாம். அரிதான பெயரை எடுத்தால் அந்தச் சிறு குலம் உடனே கண்டுபிடித்துவிடும். ஊரெல்லாம் பரவிய, அரசர்களை முன்னோராகக் கொண்ட பெரிய பெயருக்குள் புகுந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

தேகு வட்டாரத்துக் குடும்பப் பதிவேடுகளை ஆராய்ந்த ஷிகாதா ஹிரோஷியின் கணக்கு இந்த மாற்றத்தின் அளவைக் காட்டுகிறது. 1690இல் அங்கே 9.2 சதவீதக் குடும்பங்கள் யாங்பான், 37.1 சதவீதம் நோபி. 1858இல் யாங்பான் 70.3 சதவீதம், நோபி 1.5 சதவீதம். எந்த மேட்டுக்குடியும் பிள்ளைப்பேற்றால் மட்டும் 170 ஆண்டுகளில் இப்படிப் பெருக முடியாது. இந்தக் கணக்கு குடும்பங்களை எண்ணியது, ஆட்களை எண்ணினால் மாற்றம் இத்தனை செங்குத்தாக இராது என்பது உண்மை. பதிவேட்டில் யாங்பான் என்று எழுதிக்கொண்டதாலேயே ஊரில் மதிப்புக் கிடைத்துவிடவில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்வதும் நியாயமே. ஆனால் நம் கேள்வி மதிப்பைப் பற்றியது அல்ல, பெயரைப் பற்றியது. பெயர் எழுத்தில்தான் வாழ்கிறது. 1801இல் அரசுக்குச் சொந்தமான அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோபிகள் விடுவிக்கப்பட்டு, அவர்களுடைய பதிவேடுகள் எரிக்கப்பட்டன. 1894இல் பிறப்புவழி நிலைகள் சட்டப்படி ஒழிந்தன. 1909இல் வந்த குடிமைப் பதிவுச் சட்டத்தின் கீழ், அதுவரை பெயரில்லாமல் மீந்திருந்தவர்களும் ஒரு குடும்பப் பெயரைப் பதிந்தாக வேண்டியதாயிற்று. பழைய எசமானின் பெயரையோ, அந்த வட்டாரத்தில் மிகுந்திருந்த பெயரையோ அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் வலுவானது, கணிதத்திலிருந்து வருவது. பழைய வம்சாவளி நூல்களில் மணமாகி வந்த பெண்களின் குடும்பப் பெயர்களை இயற்பியலாளர்கள் சிலர் எண்ணி ஆராய்ந்தார்கள். 2011இல் ‘பத்தாயிரம் கிம்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் வெளியான அவர்களுடைய கட்டுரை, அந்தப் பெண்களிடையே கிம்களின் விகிதம் நூற்றாண்டுகளாக மாறாமல் இருந்தது என்று காட்டுகிறது. அப்படியானால் கிம்கள் எப்போதுமே இதே அளவில்தான் இருந்தார்கள், புதிதாக யாரும் வந்து சேரவில்லை என்று இதிலிருந்து சிலர் முடிவு கட்டக்கூடும். அது பிழையான முடிவு. ஜொக்போ வைத்திருந்த வீடுகளுக்கு மணமாகி வந்தவர்கள் ஏற்கெனவே குடும்பப் பெயர் உடைய வீட்டுப் பெண்கள். பெயர் உடையோரிடையே கிம்களின் பங்கு நிலையாக இருந்தது என்பதே அந்த நூல்கள் தரும் செய்தி. பெயரில்லாதோர் அவற்றின் பக்கங்களில் இல்லவே இல்லை. அவர்கள் பின்னாளில் பெயர் எடுத்தபோது, சுற்றிலும் புழங்கிய பெயர்களை ஏறக்குறைய அதே விகிதத்தில் எடுத்திருந்தால் பங்கு மாறாது, எண்ணிக்கை மட்டும் பல மடங்காகும். நிலையான விகிதமும் பெருந்திரளான சேர்க்கையும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

வம்சாவளி நூல்களே தலைமுறை தலைமுறையாகப் பெயர்களைத் தருகின்றனவே என்பது அடுத்த வாதம். இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய ஜொக்போ, ஆந்தோங் குவோன் குலத்தின் 1476ஆம் ஆண்டு நூல். இன்றைய கிம் குடும்பங்கள் சொல்லும் ஆதி முன்னோரின் காலத்துக்கும் அதற்கும் 1,400 ஆண்டு இடைவெளி. அந்த நூல் மகள்களின் பிள்ளைகளையும் மகன்களின் பிள்ளைகளோடு சேர்த்தே பதிந்தது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. ஆண்வழியை மட்டும் குலம் என்று கொள்ளும் பார்வை, பின்னர் கன்பூசிய நெறி இறுகியபோது வலுத்தது. போதாததற்கு, குருதித் தொடர்பே இல்லாமல் அரச ஆணையால் உருவான கிம் குலமும் உண்டு. 1592இல் படையெடுத்து வந்த ஜப்பானியப் படைத் தலைவர்களில் சயாகா என்பவர் கொரியாவின் பக்கம் சேர்ந்து போரிட்டார். அரசர் அவருக்குக் கிம் சுங்சோன் என்று பெயர் சூட்டி, கிம்ஹேயையே மூல ஊராகவும் அளித்தார். தேகு அருகே உரோக் ஊரில் வேரூன்றிய அவருடைய வழியினர் ஜப்பானிய முன்னோரைக் கொண்ட கிம்கள். அதை அவர்கள் மறைப்பதில்லை, பெருமையாகவே சொல்கிறார்கள்.

தமிழ் வாசகர்கள் இங்கே காயாவின் அரசி ஹியோ ஹ்வாங்ஓக்கை நினைப்பார்கள். ‘ஆயுதா’ நாட்டு இளவரசியான அவர், பதினாறு வயதில் கடல் கடந்து கி.பி. 48இல் கிம்ஹே கரையில் இறங்கிக் கிம் சூரோவை மணந்தார் என்பது கதை. அந்த நாடு அயோத்தி என்று கொண்டு 2001இல் அங்கே நினைவுச் சின்னம் எழுந்தது. ஆய் குடியினர் ஆண்ட தென்கோடிதான் அது என்று கொண்டு, அவருக்குச் ‘செம்பவளம்’ என்று பெயரும் சூட்டி, அவரைத் தமிழ் இளவரசியாக்கும் கட்டுரைகள் நம்மிடையே உலவுகின்றன. இரண்டு கூற்றுகளும் நிற்பது ஒரே கிளையில். 1076 வாக்கில் எழுதப்பட்டு, 13ஆம் நூற்றாண்டின் ‘சம்குக் யூசா’வில் சுருக்கமாக இடம்பெற்ற ஒரு பிரதி அது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. முதல் நூற்றாண்டில் அயோத்தி சாகேதம் என்றே பெரிதும் அறியப்பட்டது. ஆய் என்ற ஓசை ஒற்றுமையோ அதைவிட மெலிந்த சான்று. பௌத்தம் வேரூன்றிய நாட்டில் புனித இந்திய ஊர்ப் பெயர் ஒன்று பழங்கதையில் வந்து சேர்ந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கொரியத்துக்கும் தமிழுக்கும் இடையே சுட்டப்படும் அம்மா, அப்பா போன்ற சொல் ஒற்றுமைகள் உலகெங்கும் மழலையர் சொற்களில் காணப்படுபவை. கொரிய மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905இலேயே ஒரு நூல் எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. வாதத்துக்காக அரசி வந்ததாகவே கொள்வோம். இரண்டாயிரம் ஆண்டு என்பது ஏறத்தாழ எழுபது, எண்பது தலைமுறை. அவருடைய வழி அறுபடாமல் தொடர்ந்திருந்தால், தாய்வழி, தந்தைவழி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய எல்லாக் கொரியர்களும் அவருடைய வழியினர்தாம். கிம்ஹே கிம்களை மட்டும் பிரித்து உறவு கொண்டாட அப்போதும் காரணம் இல்லை.

பெயர் அத்தனை புதியதென்றால், 1940இல் அப்போது கொரியாவை ஆண்ட ஜப்பானிய அரசு குடும்பப் பெயர்களை மாற்றச் சொன்னபோது ஏன் அத்தனை துயரம் என்றும் கேட்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ 80 சதவீதக் குடும்பங்கள் ஜப்பானியப் பெயரைப் பதியும் நிலைக்குத் தள்ளப்பட்டன. கிம்களில் பலர் கானெதா, கானெயாமா, கானெமோதோ என்று, கிம் என்பதற்கான தங்கள் பழைய சீன எழுத்து உள்ளேயே இருக்கும் பெயர்களாகப் பார்த்து எடுத்தார்கள். 1946இல் பழைய பெயர்கள் மீண்டன. பாட்டன் காலத்தில்தான் கைக்கு வந்த பெயர் என்பதால் அதன் மேல் பற்று குறைந்துவிடாது. ஒருகாலத்தில் பெயரே மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடமிருந்து அதைப் பறிப்பது கூடுதல் கொடுமை.

பெயரைக் குருதியாக எடுத்துக்கொண்டதன் உண்மையான விலையைக் கொடுத்தவர்கள் காதலர்கள். குடும்பப் பெயரும் மூல ஊரும் ஒன்றாக இருப்பவர்கள் மணந்துகொள்ளக் கூடாது என்று தென்கொரியக் குடிமைச் சட்டத்தின் 809ஆம் பிரிவு தடுத்தது. ஒரு கிம்ஹே கிம்முக்கு, முகம் அறியாத லட்சக்கணக்கானோர் சட்டப்படி உடன்பிறந்தோர். மீறிச் சேர்ந்து வாழ்ந்தவர்களின் மணம் பதிவாகவில்லை, பிள்ளைகள் முறைப்படியான பிள்ளைகளாக ஏற்கப்படவில்லை. 1978, 1988, 1996 ஆகிய ஆண்டுகளில் மட்டும் அரசு தற்காலிகமாகக் கதவைத் திறந்தபோது, மொத்தம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இணையர் ஓடிவந்து பதிந்தார்கள். போலி ஏடுகளும் வெற்றுப் பத்திரங்களும் எசமானின் பெயர்களும் சேர்ந்து உருவாக்கிய ஓர் உறவை மெய்யுறவாகக் கொண்டு, இந்த மனிதர்களின் வாழ்வைச் சட்டம் முடக்கி வைத்திருந்தது. 1997 ஜூலை 16 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசமைப்புக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் 2005இல் அதை நீக்கியது. இன்று தென்கொரியாவில் இரண்டு கிம்ஹே கிம்கள், நெருங்கிய உறவினராக இல்லாதவரை, மணந்துகொள்ளலாம்.