நுளம்புப் பொறி: முற்றத்தில் ஒரு கறுப்புப் பேணி

டெங்குக் கட்டுப்பாடு பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது “நுளம்புப் பொறி வைத்தல்” என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடும் மாணவர்கள் பலர். அந்த வரி பிழையன்று. ஆனால் எந்த நுளம்புக்கு, எவ்வகைப் பொறி, அதனை எங்கே வைப்பது, வைத்தபின் என்ன செய்வது என்பன இல்லாத விடை அரைகுறை விடையே. இவற்றுள் கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது. கவனியாமல் விடப்பட்ட பொறி நுளம்பைக் குறைப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிடும்.

இது வெறும் புள்ளிக்கான விடயமன்று. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர் எனப் பதிவாகினர். நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதற்கு முந்திய ஆண்டான 2016 இல்தான் எமது நாடு மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தினால் சான்றுப்படுத்தப்பட்டது. ஒரு நுளம்பை வென்ற நாடு மற்றொரு நுளம்பிடம் தடுமாறியது ஏன்? இரண்டினதும் வாழ்க்கை முறை வேறு வேறானது என்பதே இதற்கான விடையின் பெரும்பகுதி. இலங்கையில் மலேரியாவைப் பெரிதும் பரப்பிய அனோபிலிஸ் இனம், நீர் வற்றும் காலத்தில் ஆற்றுப் படுக்கைகளில் தேங்கும் குட்டைகளில் பெருகியது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்போ எமது முற்றத்திலேயே பெருகுகின்றது.

பொறியை விளங்கிக்கொள்வதற்கு ஈடிஸ் முட்டையிடும் முறையை அறிந்திருத்தல் வேண்டும். பெண் நுளம்பு மாத்திரமே குருதி உறிஞ்சும். முட்டைகள் விருத்தியடைவதற்கு அதற்குக் குருதியிலுள்ள புரதம் தேவை. கியூலெக்ஸ் நுளம்பு தன் முட்டைகளை ஒன்றாக ஒட்டி, சிறு தெப்பம் போல நீரின் மேல் மிதக்கவிடும். அனோபிலிஸ் நீர்மேற்பரப்பில் தனித்தனியாக இடும். ஈடிஸ் அவ்வாறன்று. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான சுவரில் இடும். மழை பெய்து நீர்மட்டம் உயர்ந்து முட்டைகளை மூடும்போது அவை பொரிக்கும். மழை வராவிட்டால் காய்ந்த நிலையிலேயே பல மாதங்கள் உயிருடன் காத்திருக்கும். வடக்கு, கிழக்கில் நீண்ட வறட்சிக்குப் பின் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் டெங்கு ஏன் தலைதூக்குகின்றது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

முட்டைப்பொறி இந்தப் பழக்கத்தையே பயன்படுத்துகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1960 களில் ஈடிஸ் கண்காணிப்புக்காக உருவான எளிய முறை இது. பால்மாப் பேணி ஒன்றை எடுத்து உள்ளும் புறமும் கறுப்பு நிறம் பூசுங்கள்; இருண்ட நிறம் முட்டையிடவரும் பெண் நுளம்பைக் கவரும். பேணியின் பக்கத்தில், பாதிக்குச் சற்று மேலே ஒரு துளை இடுங்கள். மழை பெய்தால் மேலதிக நீர் அதனால் வெளியேறும். பேணி நிரம்பி வழிந்து முட்டைகள் அடித்துச் செல்லப்படமாட்டா. துளைக்குக் கீழே நிற்கும் அளவுக்கு நீர் விடுங்கள். சில நாட்கள் வைக்கோல் ஊறிய நீராயின் இன்னும் நல்லது, அதன் மணமும் நுளம்பை அழைக்கும். ஹாட்போட் துண்டொன்றின் சொரசொரப்பான பக்கம் மேலே தெரியுமாறு சாய்வாக உள்ளே நிறுத்துங்கள். துண்டின் ஈரமான பகுதியில் நுளம்பு முட்டையிடும். பேணியை நிழலில், நிலத்தோடு ஒட்டி, பூஞ்செடிகளின் அருகில் வையுங்கள். வெயில் படும் இடமும் காற்று வீசும் இடமும் பொருந்தா.

வைத்தாயிற்று. இனித்தான் வேலை. முட்டை ஒன்று குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, நிறைவுடலியாகப் பறப்பதற்கு எமது காலநிலையில் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும். ஆகவே 5 நாட்களுக்கு ஒருமுறை, மிகப் பிந்தினாலும் 7 ஆம் நாள், பொறியைத் திறந்து பார்த்தேயாக வேண்டும். கைவில்லையால் நோக்கினால் துண்டில் மிகச் சிறிய கரிய முட்டைகள் தெரியும். துண்டை எரித்துவிடுங்கள் அல்லது கொதிநீரில் இடுங்கள். நீரை வெயில் படும் காய்ந்த மணலில் ஊற்றுங்கள். வடிகானிலோ கிணற்றிலோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். உட்சுவரைத் தேய்த்துக் கழுவிய பின்னரே மீண்டும் நீர் விட வேண்டும். இவற்றைச் செய்யாது விட்டால் உங்கள் பொறிக்கும் வேலியோரம் கிடக்கும் யோகட் கோப்பைக்கும் எந்த வேறுபாடும் இல்லை. நுளம்பு பெருகும் நிலையில் வளவை வைத்திருப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுத்தல் சட்டத்தின் கீழ் குற்றமாகும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இந்த ஆபத்தைக் குறைக்கத் திருத்திய பொறிகளும் உண்டு. 1970 களில் சிங்கப்பூரில் பயன்பட்ட ஒரு வகையில், நீரின் மேல் வலை மிதக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பிகள் வலையின் கண்களூடாகக் கீழே இறங்கும். வளர்ந்து நுளம்பானதும் மேலே வர இயலாமல் நீரிலேயே மடியும். பிற்காலத்தில் பசை தடவிய உட்சுவரைக் கொண்ட பொறிகள் வந்தன. இவை முட்டையிட வரும் தாய் நுளம்பையே ஒட்டிப் பிடிக்கும்.

கடையில் விற்கும் நீல ஒளி மின்பொறி பற்றியும் மாணவர்கள் கேட்பதுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் டெலவெயார் மாநிலத்தில் செய்யப்பட்டு 1996 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வீட்டு முற்றங்களில் வைத்த இத்தகைய பொறிகளில் இறந்த 13,789 பூச்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். அவற்றுள் கடிக்கும் பூச்சிகள் 31 மாத்திரமே! கடிக்க வரும் பெண் நுளம்பு முக்கியமாக எமது மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டையும் உடல் மணத்தையும் வெப்பத்தையும் நாடி வருவது. மேலும் ஈடிஸ் பகலில், சிறப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிப்பது. இரவில் எரியும் விளக்கு அதற்கு என்ன செய்யும்? என் கருத்தில் அந்தப் பணத்துக்குக் கிணற்றுக்கு வலை வாங்கிப் போடலாம்.

ஒரு வளவுக்கு ஒரு பொறி போதுமா? ஈடிஸ் தன் முட்டைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இடுவதில்லை. பல பாத்திரங்களில் பகிர்ந்து இடும். உங்கள் வளவில் சிரட்டை, பழைய டயர், அடைபட்ட கூரைப்பீலி, பூச்சாடித் தட்டு என 20 இடங்களில் நீர் நிற்குமாயின் உங்கள் பொறி 21 ஆவது இடம், அவ்வளவுதான். புவேர்ட்டோ ரிக்கோவில் பசைப்பொறிகளைப் பரீட்சித்தபோது பெரும்பாலான வீடுகளில் வீட்டுக்கு 3 பொறிகள் வீதம் வைத்தே நுளம்புத் தொகையைப் பாதிக்கு மேல் குறைத்தார்கள். அங்கும் கொள்கலன்களை அகற்றும் வேலை சேர்ந்தே நடந்தது. கரையோர மாணவர்கள் இன்னொன்றையும் அறிந்திருத்தல் நன்று. இலங்கையின் கரையோரங்களில் செய்யப்பட்டு 2011 இல் வெளிவந்த ஆய்வு, கைவிடப்பட்ட வள்ளங்களிலும் கிணறுகளிலும் நின்ற உவர் நீரிலும் ஈடிஸ் குடம்பிகள் வளர்ந்ததைக் காட்டியது. உப்புத் தண்ணீரில் நுளம்பு வராது என்று விட்டுவிட இடமில்லை.

முட்டைப்பொறியின் உண்மையான பலம் அளவிடுவதில்தான் உண்டு. முட்டை காணப்பட்ட பொறிகளின் எண்ணிக்கையை, வைத்த பொறிகளின் எண்ணிக்கையால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் வருவது முட்டைப்பொறிச் சுட்டி. 40 பொறிகளில் 14 இல் முட்டை இருப்பின் சுட்டி 35%. ஆனால் இதனை அவதானமாக வாசிக்க வேண்டும். சிரமதானத்தின் மூலம் குப்பைகளை அகற்றிய மறுவாரம் சுட்டி கூடவும் இடமுண்டு. வேறு இடம் கிடைக்காத நுளம்புகள் பொறியையே நாடி வருவது இதற்குக் காரணமாகலாம்.

பயிற்சி வினா

விடுமுறையின் முதல் நாளில் தன் முற்றத்தில் முட்டைப்பொறி ஒன்றை வைத்த மாணவி, அதனை அப்படியே விட்டுவிட்டு 3 வாரங்கள் உறவினர் வீட்டில் தங்கினாள்.
(அ) அவள் திரும்பி வரும்போது பொறியில் நுளம்பின் எந்தெந்தப் பருவங்கள் காணப்படலாம்? காரணம் தருக.
(ஆ) பொறியில் நீர் முற்றாக வற்றியிருப்பின் ஆபத்து நீங்கிவிட்டது எனலாமா?
(இ) புறப்படும் முன் அவள் செய்திருக்க வேண்டியவை இரண்டு எழுதுக.