ஃபைப்ரோமயால்ஜியா: நல்ல நாளிலும் அளவோடு உழைப்போம்

மூன்று மாதங்களுக்கு மேலாக உடலெங்கும் வலி, உறங்கியும் தீராத அசதி. ஆயினும் எக்ஸ்ரேயிலும் இரத்தப் பரிசோதனையிலும் குறை தெரிவதில்லை. நரம்பு மண்டலம் வலியை மிகுத்து உணர்வதால் விளைவது ஃபைப்ரோமயால்ஜியா. வலி உண்மையானது; மூட்டுகள் தேய்வதோ சிதைவதோ இல்லை.

கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி வேலைக்கும் பருத்தி எடுப்புக்கும் பெரும்பாலும் முடித்த அளவுக்கே கூலி. அதனால் வலி குறைந்த நாளில், விட்டுப்போன வேலையையும் சேர்த்துச் செய்ய முயல்கின்றனர். மறுநாள் எழ முடிவதில்லை. இவ்விரு நாள் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பே மிஞ்சும். எனவே வலி வருமுன்னரே ஓய்வெடுக்க வேண்டுகிறோம்.

• அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சற்று நடங்கள்.
• பருத்தி மடி கனக்குமுன் கொட்டிவிடுங்கள்.
• தண்ணீரைப் பாதிக் குடமாக இருமுறை எடுங்கள்.
• துவைப்பதையும் மாவாட்டுவதையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

முழு ஓய்வும் தீர்வன்று. 2016-இல் வெளியான ஐரோப்பிய மருத்துவப் பரிந்துரைகள் வலுவாக வலியுறுத்தியது உடற்பயிற்சியை மட்டுமே. வெயில் தாழ்ந்தபின் ஐந்து நிமிட நடையில் தொடங்கி, மெல்லக் கூட்டுங்கள்.

குடும்பத்தார் இதனைச் சோம்பல் என எண்ணலாகாது. குடத்தைத் தூக்கிக் கொடுப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. மூட்டு வீக்கமோ காய்ச்சலோ புதிதாகத் தோன்றினால் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள்.