முற்றம் வைத்துக் கட்டிய சத்திரம்

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டித் தெற்கே போனால் இரும்பை. அங்குள்ள மாகாளேசுவரர் கோயில் ஞானசம்பந்தர் பாடிய தலம். இன்று காரில் வருகிறவர் தரிசனம் முடித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். தலம் தலமாக நடந்தே போன காலத்தில் பொழுது சாய்ந்தால் கதி என்ன? கோயில் மண்டபம், இல்லாவிட்டால் ஊர்க்காரர் வீட்டுத் திண்ணை. பெருவழிகளில் மட்டும் சத்திரம் இருந்தது.

அப்படிப்பட்ட சத்திரங்களில் அழகானது ஒரத்தநாட்டில் இருக்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் பெயரால் 1802இல் ராமேசுவர யாத்திரை வழியில் நிறுவியது. அடித்தளத்தில் கல் யானைகளும் குதிரைகளும் கட்டடத்தைத் தேராக்கி இழுத்துக்கொண்டு நிற்கின்றன. உள்ளே நுழைந்தால் திறந்த முற்றம். சுற்றிலும் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே இறங்கும், அடுப்புப் புகை அதன் வழியே ஏறிப்போகும். தாழ்வாரம் முழுக்க ஆட்கள் படுத்தாலும் புழுங்காது. வழிப்போக்கனுக்கு அறை முக்கியமில்லை, காற்றோட்டமான தரைதான் முக்கியம் என்று தெரிந்த கொத்தனார் கட்டியது.

1799இல் தஞ்சை ராஜ்யம் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனது. சத்திரங்களையாவது தம் பொறுப்பில் விட்டுவைக்கும்படி 1801இல் கும்பினியின் ரெசிடெண்டுக்குச் சரபோஜி கடிதம் எழுதினார். எல்லாச் சாதியாருக்கும் சோறு, நோயாளிக்கு மருந்து, அநாதைக் குழந்தைக்குப் பராமரிப்பு, நள்ளிரவில் மணியடித்து, சாப்பிடாதவர் இருந்தால் கூப்பிடுவது என்று சத்திரத்தின் வேலைகளை அதில் அடுக்குகிறார். சோறு எல்லாருக்கும்தான், ஆனால் அந்தக் காலச் சத்திரங்களில் பந்தி ஒன்றாக இருந்ததில்லை. அதையும் சொல்லாமல் சத்திரத்தைப் புகழ்வது நியாயமல்ல.

இங்கிலாந்திலும் யாத்திரிகருக்கும் குதிரை வண்டிக்காரருக்கும் விடுதிகள் இருந்தன. லண்டன் சவுத்வார்க்கில் 1677இல் தீவிபத்துக்குப் பின் திரும்பக் கட்டிய ‘ஜார்ஜ்’ விடுதியில் முற்றத்தைச் சுற்றி மாடி மாடியாக மரத் தாழ்வாரங்கள். ஒரத்தநாட்டுக்காரர் பார்த்தால் வழி தப்ப மாட்டார். ஒரு வித்தியாசம்: அங்கே முற்றம் வண்டி நிற்கவும் குதிரை மாற்றவும்தான். ஆட்கள் கூடுவது உள்ளே, தாழ்ந்த உத்தரத்தின் கீழே, கணப்படுப்பைச் சுற்றி. குளிருக்கு அவர்கள் நெருப்பை நடுவில் வைத்தார்கள், வெக்கைக்கு நாம் ஆகாயத்தை வைத்தோம். அங்கே பீருக்குக் காசு. இங்கே சோற்றுக்குக் காசில்லை.

ரயில் வந்ததும் நடைப்பயணம் ஒழிந்தது. ஜார்ஜ் விடுதியின் பெரும்பகுதியை 1889இல் ரயில் கம்பெனியே இடித்தது. எஞ்சிய பக்கத்தை 1937 முதல் ‘நேஷனல் டிரஸ்ட்’ காக்கிறது. இன்றும் அங்கே வியாபாரம் நடக்கிறது. சென்னையில் புத்திசாலித்தனமாக, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே 1888இல் ராமசாமி முதலியார் சத்திரம் கட்டினார்.

ஒரத்தநாட்டுக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. மாணவர் விடுதியாகக் கொஞ்ச காலம் பிழைத்த கட்டடம் பிறகு சிதைந்துபோனது. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை பஸ்ஸில் போகிறவர்கள் ஒருமுறை இறங்கிப் பாருங்கள், ஊருக்குள்ளேதான் இருக்கிறது.